குளிர்காலத்தில் பிறந்த புதிர்கள்



பொழுதைப் போக்குவதற்காக மனிதர் கண்டுபிடித்தவற்றுள் புதிருக்குத் தனி இடம் உண்டு. பந்து விளையாடத் திடல் வேண்டும்; வெயில் வேண்டும்; துணைக்குப் பத்துப் பேர் வேண்டும். புதிருக்கு வேண்டியவை ஒரு மேசையும் ஒரு விளக்கும் பொறுமையுள்ள ஒரு மனமுமே. வெளியே செல்ல இயலாத காலம் எதுவோ, அதுவே புதிருக்கு ஏற்ற காலம்.

நாம் மார்கழிப் பனிக்கே போர்வையைத் தேடுகிறவர்கள். ஆயினும் சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம் நீடிக்கிறது. லண்டன் நகரிலோ டிசம்பர் 21-ஆம் நாளை ஒட்டிப் பகற்பொழுது 8 மணி நேரத்திற்கும் குறைவு. மாலை நான்கு மணி அடிக்குமுன் சூரியன் மறைந்துவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு கணப்பின் அருகே அமர்ந்திருக்கும் அந்த நீண்ட இரவுகளை எப்படிக் கழிப்பது? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவையே உலகப் புகழ் பெற்ற புதிர்கள் பல.

அவற்றுள் சிலவற்றின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். கதையோடு நில்லாமல், நாமும் கையில் பென்சில் எடுத்துச் சிறிது முயன்று பார்ப்போம். ஏனெனில் புதிரைப் பற்றிப் படிப்பது வேறு, புதிரோடு மல்லுக்கட்டுவது வேறு. அந்த மல்லுக்கட்டில்தான் நம் படிப்புக்கு உதவும் ஒரு பாடம் மறைந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் நாளில் ஒரு முறையீடு

1877-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். இங்கிலாந்தில் இரண்டு பெண்கள் தங்கள் குடும்ப நண்பரிடம், "எங்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்த நண்பர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 1865-இல் ஆலிஸின் அற்புத உலகக் கதையை எழுதியவர் அவரே. அப்பெண்களுக்காக அன்று அவர் உண்டாக்கியதுதான் சொல்லேணிப் புதிர். 1879-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் அது லண்டனில் ஒரு வார இதழில் வெளிவந்து, படித்தவர் நடுவே பரவியது.

அதன் விதி மிக எளிது. ஒரு சொல்லில் தொடங்கி வேறொரு சொல்லில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றலாம். இடையில் வருவன எல்லாம் பொருளுடைய சொற்களாக இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் 'தலை' என்று பொருள்படும் சொல்லை 'வால்' என்று பொருள்படும் சொல்லாக மாற்றுவது கரோல் தந்த எடுத்துக்காட்டு.

தமிழில் இது இயலுமா என்று நாங்கள் முயன்று பார்த்தோம். உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொண்டால் நன்றாகவே இயலுகிறது. புயலிலிருந்து கடலுக்குப் போக மூன்றே படிகள்:

புயல் – புனல் – கனல் – கடல்.

புயல் முதலில் நீராகி, நீர் நெருப்பாகி, நெருப்பு கடலில் முடிகிறது! இயற்கையில் நடவாததைச் சொற்கள் நடத்திக் காட்டுகின்றன. இனி உங்கள் முறை. 'அனல்' என்ற சொல்லை 'மணல்' ஆக்குங்கள். வழியில் ஒரு கடலைக் கடக்க நேரிடலாம். விடையை நாங்கள் இங்கே அச்சிடவில்லை. அதன் காரணம் கட்டுரையின் முடிவில் விளங்கும்.

ஓர் அகராதியும் ஒரு தாளும் இருந்தால் இவ்விளையாட்டு ஒரு மாலைப் பொழுதை இனிதே விழுங்கிவிடும். விடை தேடும்போது, நாம் அறிந்த சொற்கள் எத்தனை, அறிந்தும் மறந்தவை எத்தனை என்பது நமக்கே தெரியவரும்.

பதினைந்து கட்டைகள்

இரண்டாவது புதிர் அமெரிக்காவில் பிறந்தது. நியூயார்க் மாநிலத்தில் கானஸ்டோட்டா என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூர் அஞ்சல் அதிகாரி நோயஸ் சாப்மன் என்பவரே இதன் மூலவர் என ஆராய்ச்சியாளர் கூறுவர். ஹார்ட்ஃபோர்டு நகரில் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளி மாணவர்கள் இதனைச் செய்து விற்றனர். 1879 டிசம்பரில் பாஸ்டன் நகரக் கடைகளுக்கு வந்தது. 1880 ஜனவரி, பிப்ரவரி மாதக் குளிரில் அமெரிக்கா முழுவதையும் ஒரு காய்ச்சலைப் போலப் பற்றிக்கொண்டது. பின்னர் கடல் தாண்டி ஐரோப்பாவையும் அடைந்தது.

பலர் இதனைக் கடைகளில் பிளாஸ்டிக்கில் பார்த்திருப்பீர்கள். சதுரமான ஒரு பெட்டி. அதில் வரிசைக்கு 4 வீதம் 16 கட்டங்கள். 1 முதல் 15 வரை எண்ணிட்ட 15 கட்டைகள் அதில் இருக்கும். ஒரு கட்டம் மட்டும் காலி. கட்டைகளைத் தூக்கக்கூடாது. காலிக் கட்டத்தை ஒட்டிய கட்டையை அதனுள் தள்ளலாம், அவ்வளவே. தாறுமாறாகக் கிடக்கும் எண்களை வரிசைப்படுத்த வேண்டும்.

1880-இல் மக்களைத் தூங்கவிடாமல் செய்தது இப்புதிரின் ஒரு குறிப்பிட்ட அமைப்பு. 1 முதல் 13 வரை எல்லாம் சரியாக இருக்கும். கடைசி வரிசையில் 14-உம் 15-உம் மட்டும் இடம் மாறி, 15, 14 என்று நிற்கும். காலிக் கட்டம் கீழ் வலது மூலையில் இருக்கும். இந்த ஒரு சிறு பிழையைத் திருத்தினால் போதும்! ஒரு பல் மருத்துவர் இதற்கு விடை காண்பவருக்கு ரொக்கப் பரிசு தருவதாக விளம்பரம் செய்தார். பிற்காலத்தில் சாம் லாய்ட் என்ற புகழ்பெற்ற புதிராசிரியர், இப்புதிரைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு, 1,000 டாலர் பரிசு அறிவித்தார். அவர் கண்டுபிடித்தார் என்பது உண்மையன்று. பரிசையும் ஒருவரும் பெறவில்லை.

ஏன் பெறவில்லை? முயன்றவர்கள் அறிவற்றவர்களா? அல்லர். அது செய்யவே முடியாத காரியம். 1879-ஆம் ஆண்டிலேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இரு கணித அறிஞர்கள் அமெரிக்கக் கணித ஆய்விதழில் இதனை நிறுவிவிட்டனர். அவர்களுடைய கருத்தை நாமும் எளிய முறையில் அறிந்துகொள்வோம்.

மூன்று அட்டைகளில் 1, 2, 3 என்று எழுதி வரிசையாக வையுங்கள். ஏதேனும் இரண்டு அட்டைகளை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வைப்பதை ஒரு 'மாற்று' என்போம். ஒரே மாற்றில் 2, 1, 3 என்ற வரிசை கிடைத்துவிடும். சரியாக இரண்டு மாற்றுகளில் அதே வரிசையைக் கொண்டுவாருங்கள் பார்ப்போம்! எப்படித் திருப்பினாலும் வராது. மூன்று மாற்றுகளில் வரும், நான்கில் வராது, ஐந்தில் வரும்.

காரணம் இதுவே. பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் இணைகளை எண்ணுங்கள். 1, 2, 3 என்ற வரிசையில் அப்படி ஓர் இணையும் இல்லை. 2, 1, 3 என்பதில் ஓர் இணை உண்டு. 3, 2, 1 என்பதில் மூன்று இணைகள். எந்த இரு அட்டைகளை மாற்றினாலும் இந்த எண்ணிக்கை ஒற்றைப்படை அளவிலேயே கூடும் அல்லது குறையும். ஆகவே ஒரே மாற்றில் கிடைக்கும் வரிசையை இரட்டைப்படை எண்ணிக்கையுள்ள மாற்றுகளால் ஒருநாளும் அடைய முடியாது. அட்டைகள் மூன்றானாலும் பதினாறானாலும் விதி ஒன்றே.

இனிப் பெட்டிக்கு வருவோம். காலிக் கட்டத்தையும் ஒரு கட்டையாகவே எண்ணிக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு தள்ளலும், காலிக் கட்டமும் ஒரு கட்டையும் இடம் மாறும் ஒரு 'மாற்று' ஆகிறது. பெட்டியின் கட்டங்களுக்குச் சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தீட்டுங்கள். மூலையில் உள்ள காலிக் கட்டம் கறுப்பு என்றால், முதல் தள்ளலில் அது வெள்ளைக்குப் போகும். அடுத்ததில் கறுப்புக்கு வரும். முடிவில் அதே மூலைக்கு, அதாவது கறுப்புக்கே, திரும்ப வேண்டும். ஆகவே தள்ளல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஆனால் 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றுவது ஒரே மாற்றின் வேலை. அதற்கு ஒற்றைப்படை எண்ணிக்கை வேண்டும். இரட்டையும் ஒற்றையும் ஒருநாளும் ஒன்றாகா. எனவே முடியாது!

காலிக் கட்டத்தை மூலையில் நிறுத்திவிட்டு, 15 கட்டைகளை எடுத்து விருப்பம்போல் அடுக்கினால் 1,30,767 கோடியே 43 லட்சத்து 68 ஆயிரம் அமைப்புகள் கிடைக்கும். அவற்றுள் சரிபாதியைத் தள்ளித் தள்ளியே ஒழுங்காக்கலாம். மறுபாதியை ஆயுள் முழுவதும் முயன்றாலும் ஒழுங்காக்க இயலாது. இத்தனை கோடியையும் ஒவ்வொன்றாகச் சோதிக்காமல், ஒற்றை இரட்டை என்ற சிறு கருத்தைக் கொண்டே இதைச் சொல்லிவிட முடிகிறதே, அதுவன்றோ கணிதத்தின் பெருமை!

ஞாயிற்றுக்கிழமையின் கட்டங்கள்

மூன்றாவது புதிரை அறியாதார் இல்லை. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் வேடிக்கைப் பகுதியில் வைர வடிவில் அமைந்த சில கட்டங்கள் வெளிவந்தன. லிவர்ப்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர் அதனை அமைத்தார். அதற்கு அவர் 'சொற்குறுக்கு' என்ற பொருளில் பெயரிட்டிருந்தார். சில வாரங்களுக்குப் பின் அச்சுக் கோத்தவர் தவறுதலாகச் சொற்களை முன்பின்னாக மாற்றிவிட, 'குறுக்குச்சொல்' என்றாயிற்று. அப்பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. தமிழில் நாம் குறுக்கெழுத்துப் புதிர் என்கிறோம்.

இப்புதிரைச் செம்மைப்படுத்தியவர் ஒரு பெண்மணி என்பதைப் பலர் அறியார். மார்கரெட் பெதர்பிரிட்ஜ் என்ற இளம்பெண் அந்நாளிதழில் உதவியாளராகச் சேர்ந்தார். வாசகர் அனுப்பும் குறுக்கெழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. அதை அவர் பெரிதாகக் கருதவில்லை. பார்வைக்கு அழகானவற்றை எடுத்து அச்சுக்கு அனுப்பிவந்தார். பிழைகள் மலிந்திருப்பதாகக் குறை எழுந்தபோது, ஒருநாள் தாமே ஒரு புதிரை எடுத்து விடை காண முயன்றார். தவறான குறிப்புகளும் விடுபட்ட எண்களும் அவரையே திணற வைத்தன. அன்று முதல் தாம் போட்டுப் பார்க்காத எந்தப் புதிரையும் வெளியிடுவதில்லை என்று உறுதி பூண்டார்.

1924-இல் அவரும் இரு நண்பர்களும் தொகுத்த உலகின் முதல் குறுக்கெழுத்துப் புத்தகம் பென்சிலோடு சேர்த்து விற்கப்பட்டது. முதலில் அச்சிட்டவை 3,600 படிகளே. விரைவில் அது லட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. திருமணத்திற்குப் பின் மார்கரெட் ஃபாரர் என்று அழைக்கப்பட்ட இவரே, 1942-இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் முதல் புதிர் ஆசிரியரானார். கட்டங்கள் சமச்சீராக அமையவேண்டும், ஈரெழுத்துச் சொற்கள் கூடாது முதலிய ஒழுங்குகள் அவர் காலத்தில் உறுதிப்பட்டவையே. நம் வேலையை நாமே ஒருமுறை செய்து பார்த்தால் அன்றி அதன் குறை தெரியாது என்பதற்கு இவரைவிடச் சான்று வேண்டுமோ?

போர்க்காலக் குளிர்

'நியூயார்க் டைம்ஸ்' அதுவரை குறுக்கெழுத்தை வீண்வேலை என்று ஒதுக்கிவைத்த நாளிதழ். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. விளக்குகளை அணைத்துவிட்டு அஞ்சிக்கிடக்கும் இரவுகளில் மக்களின் மனத்திற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும் என்று ஆசிரியர் குழு எண்ணியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் அவ்விதழில் முதல் குறுக்கெழுத்து வெளியாயிற்று. வீண்வேலை என்று கருதப்பட்டதே துன்பக் காலத்தில் துணையாக வந்தது.

அதே குளிர்காலத்தில், 1942 ஜனவரியில், லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழ் ஒரு போட்டி நடத்தியது. ஒரு குறுக்கெழுத்துப் புதிரைப் பலர் முன்னிலையில் 12 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும். சிலர் முடித்துக்காட்டினர். சில வாரங்கள் கழித்துப் போட்டியாளருள் சிலருக்கு அரசிடமிருந்து இரகசிய அழைப்பு வந்தது. எதிரியின் மறைமொழிச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் பணியாற்ற அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

அங்குப் பணியாற்றியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். அவர்களுள் ஒருவர் ஜோன் கிளார்க். 1917-இல் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று முதல் வகுப்பில் தேறினார். ஆயினும் முழுமையான பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல்தான். அவருக்கு வடிவியல் கற்பித்த ஆசிரியரே அவருடைய திறமையை அறிந்து 1940-இல் பிளெட்ச்லி பார்க்குக்கு அழைத்துக்கொண்டார். ஜெர்மானியக் கடற்படையின் எனிக்மா மறைமொழியை உடைத்த குழுவில் ஆலன் டூரிங்குடன் அவர் பணியாற்றினார். பெண் என்பதால் ஊதியம் குறைவு. அதை உயர்த்துவதற்கு அரசு விதிகளில் வழியில்லாமையால், 'மொழியறிஞர்' என்ற பதவிப் பெயரை அவருக்குச் சூட்டினார்கள். அவருக்கோ அயல்மொழி ஒன்றும் தெரியாது! 1944-இல் அக்குழுவின் துணைத் தலைவர் நிலைக்கு உயர்ந்தார். 1970-களில் இரகசியம் வெளிப்படும்வரை அவர் செய்த தொண்டை உலகம் அறியவில்லை. 1996-இல் அவர் மறைந்தார்.

இரண்டு வகை 'முடியாது'

தோழியரே! இக்கதைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை நமக்குப் புலப்படுகிறது. 'முடியாது' என்ற சொல்லில் இரண்டு வகை உண்டு.

14-ஐயும் 15-ஐயும் மாற்ற முடியாது என்றார்கள் ஜான்சனும் ஸ்டோரியும். அது முயன்று, எண்ணி, காரணம் காட்டிச் சொன்ன 'முடியாது'. அதுவும் ஒரு விடையே. அதைக் கேட்டபின் மனம் அமைதி அடைகிறது. வேறு வேலையைப் பார்க்கிறது.

பெண்ணுக்கு முழுப் பட்டம் தர முடியாது என்றார்கள் அக்காலத்தில். அதற்கு எந்த நிறுவலும் இல்லை. காரணம் இல்லாத 'முடியாது' அது. அதனால்தான் 1948-இல் அது வீழ்ந்தது.

நம் வகுப்பறைகளில் நாள்தோறும் கேட்கும் ஒரு சொல்லை இப்போது எண்ணிப் பார்ப்போம். "எனக்குக் கணக்கு வராது." இது எந்த வகை? கணக்கைப் படித்து முடிக்குமுன்னே சிலர் இதைச் சொல்லிவிடுகிறோம். ஐந்து நிமிடம் போராடியதும் வழிகாட்டி நூலைப் புரட்டி விடையைப் பார்த்துப் படியெடுத்துக்கொள்கிறோம். சில வீடுகளில் பெரியவர்களும், "பெண்பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டால் என்ன?" என்று ஆறுதல் சொல்லிவிடுகிறார்கள். இப்படி நிறுவப்படாத ஒரு 'முடியாது' நமக்குள் வேர்விடுகிறது. பத்தாம் வகுப்பு முடிந்து எந்தப் பாடப் பிரிவில் சேர்வது என்று முடிவு செய்யும் நாளில், அதுவே நம் கையைப் பிடித்து இழுக்கிறது.

புதிர் இந்த நோய்க்கு நல்ல மருந்து. மதிப்பெண் இல்லை; தேர்வு இல்லை; தோற்றால் சிரிப்பார் இல்லை. விடை தெரியாத நிலையில் அஞ்சாமல் அமர்ந்திருக்க அது நம்மைப் பழக்குகிறது. இன்று கிடைக்காத விடை நாளைக் காலையில் பல் துலக்கும்போது தானே வந்து நிற்பதைப் பலமுறை நாங்கள் கண்டிருக்கிறோம். விடை கிடைப்பதற்கு முன் கழியும் அந்த நேரமே புதிரின் பயன். விடைப் பக்கத்தைப் புரட்டுகிறவள் இழப்பது அந்த நேரத்தைத்தான்.

நாம் செய்யத்தக்கன

விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. பழைய திருமண அழைப்பிதழ் அட்டையை 15 சதுரங்களாக வெட்டி எண்ணிட்டால் பதினைந்துப் புதிர் ஆயத்தம். இனிப்புப் பெட்டியின் மூடியே அதற்குப் பலகை. சொல்லேணிக்குத் தாளும் பென்சிலும் போதும். பாட்டியின் பரணில் பல்லாங்குழிப் பலகை இருக்குமானால் தூசு தட்டி இறக்குவோம். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் ஆடுபுலி ஆட்டத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டே ஆடலாம். தொல்காப்பியர் 'பிசி' என்று குறித்த விடுகதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம். அடைமழை நாளிலும், கிறிஸ்துமஸ் விடுமுறையின் நீண்ட மாலைகளிலும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் சற்றே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, தம்பி தங்கையரை அருகில் அமர்த்திக்கொள்வோம்.

ஆனால் மூன்று விதிகளை மறவாதிருப்போம். முதலாவது, ஒரு புதிரை எடுத்தால் ஓர் இரவாவது அதனோடு இருந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, விடை தெரிந்தவள் தெரியாதவளிடம் அதனை உடைத்துவிடக் கூடாது. வேண்டுமானால் ஒரு குறிப்புத் தரலாம். மூன்றாவது, முடியாது என்று சொல்ல நேர்ந்தால் ஏன் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தெரியவில்லை என்றால், இன்னும் முயலவேண்டும் என்றே பொருள்.

இம்மூன்றையும் முதலில் விளையாட்டில் பழகுவோம். பின்னர் பாடத்திலும் கடைப்பிடிப்போம். அனலிலிருந்து மணலுக்குப் போகும் வழியை நாங்கள் ஏன் அச்சிடவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். நான்கு படிகளில் போகலாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறோம். பென்சிலை எடுங்கள், தோழியரே!